ரிவர் லிம்பெட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

இங்கிலாந்தில் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை டெர்பிஷயரின் டவ் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறோம். கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ரிவர் லிம்பெட் என்னும் சின்ன நன்னீர் நத்தை (ஆன்சைலஸ் ஃபுளூவியாட்டிலிஸ்) ஒன்றுக்குத்தான் இன்னும் தமிழ்ப் பெயர் இல்லை. தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் கல்லைப் புரட்டினால் அப்பிக்கொண்டிருக்கும். பெரியதே 8 மில்லிமீட்டர்தான். ஓட்டில் சுருள் கிடையாது, உச்சி பின்பக்கம் சாய்ந்த குல்லாய் மாதிரி இருக்கும். நகத்தால் தள்ளினாலும் லேசில் அசையாது. 'தொப்பி நத்தை' போதுமா?

மறுமொழி:
அம்மா, 'நந்தும் முரளும் ஈரறி வினவே' என்று தொல்காப்பிய மரபியலே நத்தையை 'நந்து' எனச் சொல்லும்போது நமக்குத் தொப்பி எதற்கு? ஆன்சைலஸ் என்ற பெயரே 'வளைந்த' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கூன் + நந்து = கூனந்து. தேன் + நன்று, தேனன்று ஆவதுபோல. மூன்று அசையில் முடிந்துவிடும்.

மறுமொழி:
ஐயா, புணர்ச்சி சரி. ஆனால் கூனந்து என்றதும் கூனி இறால்தான் நினைவுக்கு வரும். கடற்பாறையில் ஒட்டியிருக்கும் கடல் லிம்பெட்டுக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. இது நுரையீரல் நத்தைகளின் வழி வந்தது, ஆனால் மூச்சுக்காக மேலே வராது. நீரில் கரைந்த ஆக்சிஜனை உடம்பின் மேல்தோல் வழியாகவே எடுத்துக்கொள்ளும். குளிர்ந்து ஓடும் கல்லாறு அதற்குப் பிடிப்பது அதனால்தான். கல் மேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். எனவே 'நத்தை' பெயரில் இருக்கட்டும். 'கல்லொட்டி' என்றாலும் அழகுதான், ஆனால் ஏரியில் வாழும் இதே போன்ற நத்தையான அக்ரோலாக்சஸ் செடித் தண்டில் ஒட்டுகிறதே! 'ஆற்று ஒட்டுநத்தை', 'ஏரி ஒட்டுநத்தை' என்றால் இரண்டும் அடங்கும்.

மறுமொழி:
ஒட்டு என்றால் எங்கள் ஊரில் ஒட்டு மாங்கன்றுதான். இரண்டு நத்தையை இணைத்ததாகப் பிள்ளைகள் நினைக்காதா? 'ஒட்டும் நத்தை' என்று விரித்து எழுதலாமே.

மறுமொழி:
விரித்தால் அது பெயராக நிற்காது, வருணனை ஆகிவிடும். ஊறுகாய், சுடுசோறு எல்லாம் வினைத்தொகைதான், யாரும் தடுமாறவில்லை.

மறுமொழி:
எல்லோருக்கும் நன்றி. நேரமில்லாததால் 'ஆற்று ஒட்டுநத்தை' என்றே அனுப்புகிறேன்.

மறுமொழி:
அனுப்புங்கள் அம்மா. கூனந்தை நான் விடவில்லை, அடுத்த பதிப்புக்கு மறுபடி கேட்பேன். அப்புறம், படத்தை ஒருமுறை சரிபாருங்கள். உச்சி இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அது ஏரி இனம், ஆற்றினத்துக்குச் சற்று வலப்பக்கம் சாயும்.