40 நிமிடப் பீரியடில் சமூக நீதியை நடித்துக் காட்ட முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சமூக அறிவியல் ஆசிரியர், பெரம்பூர்:
7-ஆம் வகுப்பு, 42 பிள்ளைகள், பெஞ்சை நகர்த்த முடியாத அறை. குடிமையியலில் சமத்துவப் பாடம். அரசமைப்புப் பிரிவு 14, 15, 17 எல்லாம் ஒப்பிக்கிறார்கள். மணி அடித்ததும் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில் பழைய வழக்கம்தான். நாடகமாகச் செய்தால் மாறுமா? எங்கிருந்து தொடங்குவது?

நாடகப் பயிற்சியாளர், வியாசர்பாடி:
டீச்சர், ஒரே பீரியடில் முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு பீரியடு வேண்டும். பிரேசிலின் அகஸ்தோ போவால் 1970-களில் வளர்த்தெடுத்த ஒடுக்கப்பட்டோர் அரங்கு இதற்குத் தோதானது. பார்த்துக்கொண்டிருப்பவரே எழுந்து வந்து நடிப்பதுதான் அதன் உயிர்.

முதல் பீரியடில் பேச்சே கிடையாது, சிலை மட்டும். ஆறு ஆறு பேராக ஏழு குழு. ‘ஒருத்தருக்கு அநியாயம் நடக்கிற நொடி’யை உடம்பால் உறைய வைக்கவேண்டும், தயாரிப்புக்கு 3 நிமிடம். பெஞ்சுக்கு இடையில் நின்றபடியே செய்யலாம். மற்றவர்கள் முதலில் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லட்டும். ‘தலை குனிஞ்சிருக்கா’ சரி. ‘தப்பு பண்ணிட்டா’ என்பது யூகம், அது அப்புறம். இந்தப் பழக்கம் வராமல் அடுத்த கட்டத்துக்குப் போனால் காட்சி முழுக்கத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டாவது பீரியடில் ஒரே காட்சி. நான்கு பாத்திரம், 3 நிமிடம், முடிவு அநியாயமாகவே இருக்கவேண்டும். சென்னையில் சாதியை நேராகக் கேட்பது குறைவு, ‘எந்த ஏரியா?’ என்று கேட்பார்கள். ‘கண்ணகி நகர்’, ‘பெரும்பாக்கம்’ என்று, குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடங்களின் பெயர் பதிலாக வந்ததும் கேட்டவர் முகம் மாறும். காட்சிக்கு இதுவே போதும். ஆனால் மேடையில் ஊர்ப் பெயரைக் கற்பனையாக வையுங்கள்.

ஒருமுறை முழுதாக நடிக்கவேண்டும். மறுமுறை யாராவது ‘நிறுத்து’ என்று கை தூக்கி, உள்ளே வந்து வேறு மாதிரி நடிக்கலாம். பாதிக்கப்பட்டவர் இடத்தில் வரலாம், வேடிக்கை பார்த்தவர் இடத்தில் வரலாம். கொடுமை செய்பவர் இடத்தில் கூடாது. அனுமதித்தால் அவர் ஒரு நொடியில் நல்லவராகிவிடுவார், வகுப்பு யோசிக்க ஒன்றுமிருக்காது. ஹீரோ அடிப்பது, கலெக்டர் திடீரென வருவது மாதிரித் தீர்வுகளும் நிச்சயம் வரும். திட்டாதீர்கள். ‘நாளைக்கு நம்ம ஸ்கூல்ல இது நடக்குமா?’ என்று வகுப்பைக் கேளுங்கள், அவர்களே தள்ளிவிடுவார்கள். ஒரு பீரியடில் நான்கு முயற்சிக்குமேல் தாங்காது.

பெரிய ஆபத்து பாத்திரத் தேர்வு. சீட்டுக் குலுக்கினால் நியாயம்போலத் தெரியும். அன்றாடம் அந்த அவமானத்தைச் சுமக்கிற பிள்ளைக்கே சீட்டு விழுந்தால், நாற்பது பேர் முன்னால் அதை இரண்டாவது முறை அனுபவிப்பாள். முதல் சுற்றில் பாதிக்கப்பட்டவர் பாத்திரத்தை ஆசிரியரே எடுத்துக்கொள்வதுதான் என் அழுத்தமான கருத்து.

பாத்திர அடையாளத்துக்குத் துண்டு வேண்டாம். தோளிலிருந்து துண்டை இடுப்புக்கு இறக்கச் சொன்ன வரலாறு அதில் இருக்கிறது. பல நிறக் கயிறுகளும் வேண்டாம், கையில் கட்டும் கயிற்றின் நிறமே சாதியைக் காட்டிவிடும். பள்ளிகளில் சாதிப் பிரச்சினை பற்றி 2024-இல் அறிக்கை தந்த நீதிபதி சந்துரு குழு, நிறக் கயிறுகளுக்குத் தடை கேட்டதே அதனால்தான். ஒரே நிற ஐடி கார்டு நாடா போதும். நடித்து முடித்ததும் நாடாவைக் கழற்றி, தன் சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு உட்காரவேண்டும். இதை விட்டுவிட்டால் பாத்திரத்தின் பெயரே பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும்.

பறைப் பயிற்றுநர், புளியந்தோப்பு:
பறையும் சேருங்கள் டீச்சர், ஆனால் கவனமாக. வழக்கமாக நடக்கும் தவறு, ‘உங்க வீட்டுல அடிப்பாங்களே’ என்று குறிப்பிட்ட பிள்ளையிடம் குச்சியைக் கொடுப்பது. முதலில் எல்லோரும் பெஞ்சில் கையால் தாளம் பழகட்டும், பிறகு வரிசைப்படி பறை கைமாறட்டும். ஒரு கையில் மெல்லிய நீளமான சிண்டுக் குச்சி, மறு கையில் குட்டையான அடிக் குச்சி. தோல் பறையைக் காய்ச்சாமல் அடித்தால் மந்தமாகத்தான் பேசும், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ரொம்பவே. வகுப்பறையில் தீ மூட்டமுடியாது. மொட்டை மாடி வெயிலில் காயவையுங்கள், இல்லையென்றால் ஃபைபர் பறை வாங்குங்கள்.

‘சாவு மேளம்’ என்று யாராவது சிரிப்பார்கள். அதட்டி அடக்காமல் தமிழாசிரியரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையும் ஒன்று, பறைதல் என்றால் சொல்லுதல். அப்படிப்பட்ட கருவி எப்படி இழிவானது, யார் அப்படி ஆக்கியது என்று அங்கிருந்து பேச்சு நகரும்.

ஓவிய ஆசிரியர், சைதாப்பேட்டை:
சாப்பாட்டுப் பிரச்சினைக்குப் பேப்பர் தட்டு போதும். தட்டுக்குள் யார் சமைத்தார், யார் பரிமாறினார், யார் கழுவினார் என்று வரையச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டும்போது, 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியதையும் 2022-இல் வந்த காலை உணவுத் திட்டத்தையும் இரு முனையில் வையுங்கள். வரைந்தவர் பெயர் தட்டின் பின்பக்கம் இருக்கட்டும்.

சமூக அறிவியல் ஆசிரியர், பெரம்பூர்:
நடுவில் ஒரு பிள்ளை ‘இது எனக்கு நடந்துச்சு மிஸ்’ என்று அழுதால்?

நாடகப் பயிற்சியாளர், வியாசர்பாடி:
அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் கதையை நடிக்க வைக்கவே கூடாது. மற்றவர்களைச் சிலைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, அவளோடு தனியாக, கதவு திறந்த அறையில் பேசுங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். அவள் சொன்ன வார்த்தைகளிலேயே தேதியோடு எழுதித் தலைமையாசிரியரிடம் அன்றே கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும், பள்ளிக்கல்வி உதவி எண் 14417-ஐயும் முதல் பீரியடிலேயே கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். பிரச்சினை வந்தபிறகு எழுதினால் எல்லோர் பார்வையும் அந்தப் பிள்ளைமேல் திரும்பும்.