மறு: கேற் தூணுக்கும் சுவருக்கும் இடையில் நீக்கல்

உறவுகளுக்கு வணக்கம்.

இங்கே இங்கிலாந்தில், லெஸ்டரில் வீடு வாங்கிய தம்பி, பக்கக் கேற்றின் மரத்தூணுக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையிலுள்ள நீக்கலைச் சீமெந்தால் அடைக்கலாமோ என்று போன கிழமை கேட்டிருந்தார். வேண்டாம், தம்பி. அடைத்துப் பட்டவன் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்த நீக்கல் மேலே 5 சென்ரிமீற்றர், கீழே 8. தூண் நேர்தான், பழைய சுவர்தான் சரிவு. பக்கத்து வீட்டுப் பூனை அதற்குள்ளால் வந்து வெந்தயக்கீரைப் பாத்தியைக் கக்கூசாக்கியது. ஒரு சனிக்கிழமை கலவை குழைத்து இறுக்கி அடைத்தேன். மரம் மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும், சீமெந்து அசையாது. அடுத்த கோடையிலேயே மயிரளவில் வெடிப்பு. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி நின்று, மூன்றாம் வருடம் சாவியால் குத்திப் பார்த்தால் தூண் ஊறிய ரொட்டி மாதிரி உள்வாங்கியது.

வீட்டுக்குள்ளே அதைவிட மோசம். இங்கத்தைய செங்கல் வீடுகளில் நிலத்திலிருந்து சுமார் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் ஈரந்தடுக்கும் படை ஒன்று சுவருக்குள் ஓடும். வெளியே பூசிய சீமெந்து அதைத் தாண்டி ஏறினால், நிலத்து ஈரமும் கூடவே ஏறிவிடும். படிக்கட்டடிச் சுவரில் பெயின்ற் உரிந்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

நீக்கல் அடைக்கவென்று தகரத்தில் விற்கும், ஊதி இறுகும் நுரையையும் அடித்துப் பார்த்தேன். வெயில் பட்டு மஞ்சளாகி, விரலால் தேய்க்க உதிர்ந்தது.

ஊரில் வேலியில் பொட்டு, அதாவது ஓட்டை, விழுந்தால் காவோலையும் கருக்குமட்டையும் செருகி அரை மணித்தியாலத்தில் அடைத்துவிடுவோம். மாமி வந்துபோக அம்மா இன்னொன்றைத் திறந்துவிடுவா, அது வேறு கதை.

இங்கே சரிவந்தது ஒரு பலகைதான். உக்காமலிருக்க மருந்தேற்றிய மரத்தில் 15 சென்ரிமீற்றர் அகலம் போதும். தூணின் முகத்தில் நேராக நிறுத்தி, சுவரோடு முட்டவிட்டுப் பிடியுங்கள். சின்ன மரத்துண்டு ஒன்றோடு பென்சிலைச் சேர்த்து, துண்டு சுவரில் உரசியபடி மேலிருந்து கீழே இழுத்தால் சுவரின் மேடுபள்ளம் அப்படியே பலகையில் விழும். அந்தக் கோட்டில் அறுத்து, சுவருக்கு 5 மில்லிமீற்றர் விட்டு, தூணில் மட்டும் திருகாணி பூட்டுங்கள். சுவரைத் தொடவே வேண்டாம். அது பக்கத்து வீட்டுக்காரரின் சுவரென்றால் அவரிடம் அனுமதி கேட்கிற வேலையும் மிச்சம். ரொறன்ரோக்காரருக்கும் இதுதான் நல்லது: அங்கே உறைபனி 1.2 மீற்றர் வரை இறங்கும், ஆழம் குறைந்த தூணைக் கிளப்பிவிடும்; சுவரைத் தொடாத பலகை தூணோடு சேர்ந்து அசையும்.

அறுத்த விளிம்புக்குக் கட்டாயம் மருந்து பூச வேண்டும். ஆலையில் ஏற்றிய மருந்து மரத்தின் நடு வரை போவதில்லை. திருகாணி துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். மருந்திலுள்ள செம்பு சாதாரண இரும்பை அரித்துவிடும். அடியில் 4 சென்ரிமீற்றர் நிலத்தில் படாமல் விடுங்கள்.

எங்கள் பலகை ஐந்து வருடமாக அசையாமல் நிற்கிறது. ஆனால் போன வருடம் முள்ளெலி போய்வர வேலியடியில் 13 சென்ரிமீற்றர் சதுர ஓட்டை விட வேண்டுமென்று மகள் பிடிவாதம் பிடித்தாள்; இங்கே வனவிலங்கு ஆர்வலர்கள் சொல்லும் அளவு அது. வெட்டிக் கொடுத்தேன். முள்ளெலியை இன்னும் காணோம். பூனை அதற்குள்ளால் வருகிறது. கீரையைத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன்.