மெய்ப்புத் திரைக்கு நிறம் தேடிய அனுபவம்

திருவல்லிக்கேணியில் வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்த்து, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்திக் கொடுத்துவருகிறேன். தாளில் சிவப்பு மையால் திருத்திய காலம் போய், எனக்கு இப்போது எல்லா வேலையும் கணினித் திரையில்தான் நடக்கிறது. சென்ற சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் திரையின் வெள்ளைப் பரப்பைப் பார்க்கவே முடியாதபடி கண் கூசத் தொடங்கியது. என் பாட்டி காலத்திலிருந்து எங்கள் குடும்பம் நம்பிச் செல்லும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் காட்டினேன். கண்புரை தொடக்க நிலையில் இருக்கிறது, அறுவைக்கு இன்னும் காலம் இருக்கிறது, கூச்சம் அதனால் வருவதுதான் என்று மருத்துவர் விளக்கினார். அதுவரை வேலையை நிறுத்திவைக்க இயலாது என்பதால், திரையை என் கண்ணுக்கேற்ப மாற்றிக்கொள்ள முடியுமா என்று தேடினேன்.

அண்ணன் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, திரையில் மென்பொருள்கள் திறக்கும் பெட்டிகளான சாளரங்களின் நிறத்தை மாற்றிப் பார்க்க உதவும் சிறிய இலவசக் கருவி ஒன்றை நிறுவிக் கொடுத்தான். விண்டோஸ் 7 வரை சாளரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே நிறம் தேர்ந்தெடுக்கும் பெட்டி கணினியிலேயே இருந்தது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8இல் அது எடுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அந்த நிற எண்கள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இன்றும் இருக்கின்றன என்பதாலும், நான் பயன்படுத்தும் பழைய சொற்செயலி போன்ற மென்பொருள்கள் அவற்றைப் படித்தே தம் பரப்புக்கு நிறமிடுகின்றன என்பதாலும், இத்தகைய கருவிகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. சாளரப் பின்னணி, எழுத்து, தலைப்புப் பட்டை, பொத்தான், தேர்ந்தெடுத்த பகுதி என ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை; எண் கூடக் கூட வெளிச்சமும் கூடும். "அத்தை, முதல்ல இப்ப இருக்கிறதை ஒரு நகல் எடுத்து வெச்சிடலாம்" என்று அவன் அன்று செய்த காரியத்துக்காகப் பின்னால் பலமுறை அவனை நினைத்துக்கொண்டேன்.

முதலில் நான் தேர்ந்தது இளம்பச்சை. பின்னணிக்கு 199, 222, 199 என்றும், எழுத்தும் உறுத்தக் கூடாது என்று அதற்கு 110, 110, 110 என்ற சாம்பலும் வைத்தேன். வாழைக்குருத்தைப் பார்ப்பதுபோல் கண்ணுக்கு இதமாக இருந்தது. ஒரு நாவலின் நாற்பது பக்கங்களை அந்தத் திரையில் மகிழ்ச்சியாகப் படித்து முடித்தேன். மறுநாள் காலை ஐயம் தோன்றி அதே பக்கங்களைப் பழைய வெள்ளையில் திரும்பப் பார்த்தபோது மனம் பதைத்துவிட்டது. 'செய்தார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியின்றி 'செய்தார' என்று இருந்ததை விட்டிருந்தேன்; 'வேலை' இரண்டு இடங்களில் ஒற்றைக்கொம்புடன் 'வெலை' என்று நின்றிருந்தது. தமிழ் எழுத்தில் பொருளைத் தாங்கும் உறுப்புகள் மிகச் சிறியவை. ஒரு புள்ளியும் கொம்பின் ஒரு சுழியும்தான் சொல்லையே வேறாக்குகின்றன. எகரத்தையும் ஏகாரத்தையும் கொம்பால் வேறுபடுத்த வீரமாமுனிவர் வகுத்துத் தந்த அந்தச் சுழியை நான் நிறத்தால் அழித்துவிட்டிருந்தேன்.

காரணத்தைப் பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வித்தியாசத்தின் அளவே ஒளிவேறுபாடு; வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு அது 21க்கு 1. இணையப் பக்கங்களில் சாதாரண அளவு எழுத்துக்கு 4.5க்கு 1 என்பதே குறைந்தபட்சமாக, பார்வைக் குறைவு உள்ளவர்களும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான அணுகல்தன்மை நெறிமுறைகளில் வகுக்கப்பட்டிருக்கிறது. என் பச்சையும் சாம்பலும் சேர்ந்து சுமார் 3.6க்கு 1தான் வந்தன. கண்ணுக்கு இதமாக இருப்பதும் எழுத்து தெளிவாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை நான் அறிந்துகொண்டது அப்படித்தான். மெய்ப்பு பார்ப்பவருக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டும்.

அடுத்து, பலரும் சொல்கிறார்களே என்று கரும்பின்னணியில் வெள்ளை எழுத்தையும் முயன்றேன். என் கண்ணுக்கு எழுத்தின் ஓரங்களில் ஒளி படர்ந்து, 'ன்' மேலுள்ள புள்ளி பக்கத்து எழுத்தோடு ஒட்டியதுபோல் தெரிந்தது. அன்று மாலை கணக்கு எழுதும் மென்பொருளைத் திறந்தால் பற்றுச்சீட்டுப் படிவம் முழுவதும் கறுப்பாக இருந்தது. தரவு அழிந்துவிட்டதோ என்று அஞ்சி இராயப்பேட்டையில் அச்சுக்கோப்பு நிலையம் நடத்தும் தோழியை அழைத்தேன். அவரும் ஒருமுறை இதே இருட்டில் சிக்கியவர். அந்த மென்பொருள் பின்னணியை மட்டும் கணினியின் பொது அமைப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, எழுத்தைத் தானே கறுப்பாக எழுதுகிறது. அதனால்தான் கறுப்பில் கறுப்பாக மறைந்து நிற்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். நகலிலிருந்து பழைய நிறங்களை மீட்டதும் எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அதன் பின் நான் எழுத்தின் கறுப்பில் கை வைப்பதே இல்லை. பின்னணியை மட்டுமே மாற்றுகிறேன்.

இப்போது நிலைத்திருப்பது 236, 233, 216 என்ற வெளிர் தந்த நிறம். பழுப்பேறிய பழைய புத்தகத் தாளின் சாயல் அதில் இருக்கிறது. கறுப்பு எழுத்தோடு சேர்த்தால் ஒளிவேறுபாடு ஏறத்தாழ 17க்கு 1 வருவதால் புள்ளியும் தெரிகிறது, கூச்சமும் குறைந்திருக்கிறது. ஒரேயடியாகத் தாவாமல், ஐந்து ஐந்தாக எண்ணைக் குறைத்து, ஒவ்வொரு நிறத்திலும் நானே பிழைகள் இட்டுவைத்த ஒரே பக்கத்தைப் படித்து, எத்தனை பிழை கண்ணில் பட்டது என்று குறித்துக்கொண்டே வந்தேன். கருவியில் நிறத்தைச் சேமிக்காமல் தற்காலிகமாக மட்டும் இட்டுப் பார்க்கும் வசதி இதற்கு மிகவும் உதவியது; ஒருமுறை மின்தடை வந்து கணினி அணைந்து, திரும்ப எழுந்தபோது எல்லாம் பழைய வெள்ளைக்குத் திரும்பியிருந்ததைப் பார்த்துத்தான் அந்த வசதியின் இயல்பே எனக்கு விளங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தந்த நிறத்தில் நாள் முழுதும் வேலை செய்துவிட்டு, ஒரு அட்டைப் படத்தைப் பார்த்து, வெள்ளைப் பகுதி நீலம் பூத்திருக்கிறது என்று வடிவமைப்பாளருக்குக் குறிப்பு அனுப்பிவிட்டேன். படத்தில் குறை இல்லை. சுற்றியிருந்த மஞ்சள் சாயலுக்குக் கண் பழகிவிட்டதால் தூய வெள்ளை எனக்கு நீலமாகத் தெரிந்திருக்கிறது. அவர் தொலைபேசியில் கேட்டதால் தப்பியது. அட்டை பார்க்கும் நாட்களில் இப்போது காலையிலேயே இயல்பு நிறத்துக்கு மாற்றி, அந்த வேலையை முதலில் முடித்துக்கொள்கிறேன்.

மேற்குச் சன்னலுக்குத் திரைச்சீலை இட்டதும், திரையின் ஒளிர்வைக் குறைத்ததும் பெரிய அளவில் உதவின. உண்மையில் அவற்றையே நான் முதலில் செய்திருக்க வேண்டும். கண்புரையோடு தமிழ் மெய்ப்பு பார்ப்பவர்கள் வேறு எண்களை வைத்திருந்தால் எழுதுங்கள். அந்தப் பிழைப் பக்கம் என்னிடம் இன்னும் இருக்கிறது. அவற்றையும் இட்டுப் பார்க்கிறேன்.