5 வயது மகோகனி: இப்பவே ஐதாக்கலாமா (இடையிடையே சில மரங்களை வெட்டி எடுக்கலாமா)? அனுபவம் உள்ளவங்க உதவுங்க

வணக்கம் உறவுகளே. இருப்பது கொழும்பில், காணி அவிசாவளைப் பக்கம். ஒரு ஏக்கர், 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளி, சுமார் 450 மரம். கிளைகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கிவிட்டன.

பெரிய பிரச்சினை குருத்துத் துளைப்பான் புழு. நுனி வாடி, துளை வாயில் பிசினும் எச்சமும் கட்டியாக ஒட்டியிருக்கும். நுனி செத்ததும் கீழிருந்து மூன்று நாலு குருத்து கிளம்பி, தண்டு கவட்டையாகிவிடும். சுத்தமான தண்டு தெரியும் வரை வெட்டி, நேரான குருத்து ஒன்றை மட்டும் விடுகிறோம். பக்கக் கிளைகளை வாளால் முதலில் கீழிருந்து கொஞ்சம் அறுத்து, பிறகு மேலிருந்து, அடி வீக்கத்தைத் தொடாமல் எடுக்கிறோம். பச்சைத் தலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிப்பதில்லை.

மைக்கேனியா என்ற களைக்கொடி வெட்டிய துண்டிலிருந்தே மறுபடி வேர் விடுது. அதனால் பொறுக்கி வெயிலில் காயப்போடுகிறோம். மரத்தடியைச் சுற்றிக் கையால்தான் களை எடுக்கிறோம். புல்லு வெட்டும் மெசினின் நைலோன் கயிறு பட்டைய வட்டமா உரித்தால் மரம் போச்சு.

கேள்வி இதுதான்: கவட்டை மரங்களையும், மற்ற மரங்களின் நிழலில் அமுங்கிப்போனவற்றையும் இப்பவே எடுக்கலாமா? பக்க நிழல் குறைந்தால் புழு கூடுமோ, மே மாதக் காற்றுக்கு மெலிந்த மரங்கள் சாயுமோ என்று பயமா இருக்கு. ஈரவலயத்தில் செய்து பார்த்தவங்க, முதல் தடவை எத்தனை வீதம் எடுத்தீங்க, எந்த மாதம்?