சின்னக் கட்சி, ஒரு தொகுதி, 45 பேர்: பிரச்சார வேலையை எப்படிப் பிரிப்பது?

விளவங்கோட்டான் கேட்டது:
எங்களுடையது பதிவு பெற்ற, ஆனால் அங்கீகாரம் இல்லாத கட்சி. சட்டமன்றத் தேர்தலில் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோட்டில் மட்டும் நிற்கிறோம். முழுசாக நம்பக்கூடிய ஆள் 45. பூத்தோ முந்நூறை ஒட்டி வரும். இப்போது எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது. யார் எதை முடித்தார், எது விட்டுப்போச்சு என்றே தெரியவில்லை. எந்த வேலையை யார் கையில் கொடுப்பது?

வடசேரி அண்ணாச்சி:
தம்பி, முதலில் மூன்று பேரைத் தனியாக உட்கார வையுங்கள். ஒருவர் காகிதம், ஒருவர் கணக்கு, ஒருவர் பூத் ஏஜெண்ட் பட்டியல். இந்த மூவரும் கொடி கட்டவோ மைக் வண்டியில் ஏறவோ கூடாது. சின்னக் கட்சி தோற்பதற்கு முன்னாலேயே விழுவது இந்த மூன்று இடத்தில்தான்.

காகிதம் பார்ப்பவரின் வேலை வேட்புமனுவில் தொடங்கும். அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு ஒரு முன்மொழிபவர் போதும்; நமக்குப் பத்துப் பேர், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்கள். விளவங்கோடு தாலுகாவும் விளவங்கோடு தொகுதியும் ஒன்றல்ல, எல்லை வேறு. ஊர்ப்பேரை நம்பாமல் புதிய பட்டியலில் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் பார்த்து எழுதுங்கள். ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை கொடுக்கலாம். வேறு வேறு பத்துப் பேரை வைத்து இரண்டு மனுவாவது போடுங்கள். ஒன்றில் ஒரு கையெழுத்து தவறினாலும் மற்றது நிற்கும். சொத்து, வழக்கு விவரம் தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-ல் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள், பொருந்தாவிட்டால் "இல்லை" என்று எழுதுங்கள். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சித் தலைமை தரும் படிவம் ஏ, பி இரண்டும் மையால் கையெழுத்திட்ட அசலாக, மனுவுக்கான கடைசி நாள் மாலை 3 மணிக்குள் சேர வேண்டும். சென்னையிலிருந்து கூரியரை நம்பாமல் ஆளையே அனுப்புங்கள். உறுதிமொழி எடுப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மனு கொடுத்த கையோடு எடுத்துவிடுங்கள், பரிசீலனை நாள்வரை தள்ளினால் செல்லாது.

அடுத்தது சின்னம். கட்சி வேட்பாளர் எல்லாருக்கும் ஒரே சின்னம், அதாவது பொதுச் சின்னம், கேட்கப் பேரவையின் மொத்த இடங்களில் 5 சதவீதத்திலாவது நிற்க வேண்டும். 234-ல் அது 12. ஒரே தொகுதி என்றால் கிடைக்காது, மனுவிலேயே மூன்று சின்னத்தை வரிசையாகக் கேளுங்கள். சுயேச்சையும் நீங்களும் ஒரே சின்னத்தைக் கேட்டால் முன்னுரிமை உங்களுக்கு. ஆனால் முடிவு தெரிவது மனு வாபஸ் முடிந்த பிறகு. அங்கிருந்து வாக்குப்பதிவுக்குச் சட்டப்படி குறைந்தது 14 நாள் இடைவெளி; கடைசி 48 மணி நேரம் பிரச்சாரம் கூடாது. கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 12 நாள் என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். நோட்டீஸ் வடிவமைப்பை முன்பே முடித்து, சின்னத்துக்கும் வரிசை எண்ணுக்கும் மட்டும் இடம் விட்டு அச்சகத்தில் வையுங்கள்.

அலையோரம்:
அண்ணாச்சி சொன்னதில் நோட்டீஸ் எண்ணிக்கையைச் சேர்த்துக்கொள்கிறேன். வாக்காளர் எண்ணிக்கைக்கு அடிக்காதீர்கள், வீட்டுக்கு ஒன்று போதும். 60 பூத்தில் வேலை செய்வதாக இருந்தால், பூத்துக்கு 300 வீடு என்று 18,000; கையிருப்புக்கு 2,000. அச்சகத்தார் பெயர் முகவரி, வெளியிடுபவர் பெயர் முகவரி இரண்டும் நோட்டீஸில் இல்லாவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவில் வழக்கு வரும். பத்துகாணி, களியக்காவிளை பக்கம் மலையாளத்திலும் கொஞ்சம் அடியுங்கள், தமிழ் வாசிக்காத வீடுகள் உண்டு.

வீடு போகும் நேரம்தான் இங்கே பெரிய விஷயம். ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பால் எடுத்து முடித்துத் திரும்பிய பிறகு போனால்தான் ஆள் இருக்கும். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பெண்களை வேலை விடும் நேரத்தில் வழியில் பாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊரே வெளியில் நிற்கும், ஆனால் ஆலய வளாகத்துக்குள் ஒரு துண்டுக் காகிதமும் கொடுக்காதீர்கள். அது நடத்தை விதிமீறல், ஊர்க்காரர்களுக்கும் பிடிக்காது.

விளவங்கோட்டான்:
60 பூத் மட்டும் என்றால் மீதியைக் கைவிடுவதா?

வடசேரி அண்ணாச்சி:
ஆமாம், நோட்டீஸுக்கும் ஏஜெண்டுக்கும் கைவிடுங்கள். மைக் வண்டி மட்டும் எல்லா இடமும் போகட்டும். 45 பேரை 300 இடத்தில் தெளித்தால் ஒரு இடத்திலும் முளைக்காது. எந்த 60 என்பதை உத்தேசமாக முடிவு செய்யாதீர்கள். முந்தைய தேர்தலின் படிவம் 20-ல் பூத் வாரியாக யாருக்கு எத்தனை என்று இருக்கும், தலைமைத் தேர்தல் அதிகாரி இணையதளத்தில் எடுக்கலாம். உங்கள் கட்சிக்கோ ஒத்த கருத்துக்கோ முன்பு வாக்கு விழுந்த இடங்களைக் குறியுங்கள்.

ஏஜெண்ட் அந்தந்தப் பூத்துக்குப் பக்கத்து ஆளாக இருக்கட்டும். 7 மணி வாக்குப்பதிவு என்றால் இயந்திரத்தைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவு 5.30-க்கே தொடங்கும், மலைப்பக்கம் அந்நேரம் பஸ் கிடையாது. பூத் ஏஜெண்டை நியமிக்கும் படிவம் 10-ல் வேட்பாளரோ தேர்தல் ஏஜெண்டோ போடும் கையெழுத்து, தேர்தல் அதிகாரியிடம் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடைசி இரவில் அவசரமாகக் கிறுக்கினால் உள்ளே விடமாட்டார்கள். ஏஜெண்டுக்கு முக்கியமான ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: முடிவில், பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17 சி நகலை வாங்காமல் வெளியே வரக் கூடாது. எண்ணிக்கை நாளில் நம் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அது.

கணக்குப்பிள்ளை:
கணக்கு பற்றி யாரும் சொல்லவில்லை. சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம்; நமக்கு அந்தத் தொகை பிரச்சினையே இல்லை, எழுதாமல் விடுவதுதான் பிரச்சினை. மனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்பு தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். ஒரே ஆளுக்கு அல்லது கடைக்கு மொத்தத் தேர்தலிலும் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கூடாது. மைக் செட்டுக்காரருக்கு முதலில் 6,000, அப்புறம் 5,000 என்று பிரித்துக் கொடுத்தாலும் மீறல்தான்.

பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கி. அன்றைய டீ, நாற்காலி, ஆட்டோ வாடகையை அன்று ராத்திரியே ஏற்றுங்கள். அதிகாரிகள் உங்கள் செலவைத் தாங்களே குறித்துவைக்கும் நிழல் பதிவேடு ஒன்றைத் தனியாக வைத்திருப்பார்கள், குறைந்தது மூன்று முறை ஒப்பிடுவார்கள். நண்பர் இலவசமாகக் கொடுத்த வண்டிக்கும் மதிப்புப் போட வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் கணக்கு இடிக்கும்.

முடிவு அறிவித்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கணக்கு கொடுக்காவிட்டால் 3 ஆண்டு தகுதி நீக்கம் வரலாம். தோற்ற மறுநாள் எல்லாரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள், ரசீதுகள் யார் பையிலோ கிடக்கும். ஆகவே ரசீதை வாரம் ஒருமுறை வசூல் செய்யுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு: பிரச்சாரக் குழு ஒன்று, மூன்று பொறுப்பாளரும் வேட்பாளரும் மட்டும் உள்ள குழு ஒன்று. பொதுக்கூட்ட, வண்டி அனுமதிகளை 48 மணி நேரம் முன்பே தேர்தல் ஆணையத்தின் சுவிதா இணையதளத்தில் கேட்க வேண்டும் என்பதால், அடுத்த மூன்று நாள் பயணம் தினமும் ராத்திரி 9 மணிக்கு இரண்டாவது குழுவில் உறுதியாகட்டும். அனுமதி அசலை வண்டிக் கண்ணாடியில் ஒட்டாமல் ஒரு வண்டியும் கிளம்பக் கூடாது.