சாசர் பிட்டைப் ‘பத்தல்’ என்று சொல்லலாமா?

ஐயா, வணக்கம்.

காட்டு விலங்குகள் குடிப்பதற்காக மனிதர் அமைக்கும் ‘சாசர் பிட்’ (saucer pit), ‘கஸ்லர்’ (guzzler) இரண்டுக்கும் தமிழில் ‘வனவிலங்கு நீரூட்டி’ என்று முன்மொழிந்திருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம். ஊட்டுவது என்றால் யாரோ பக்கத்தில் நின்று புகட்டுவதுபோல ஒலிக்கிறது. இரண்டு வேறு அமைப்புகளையும் அது ஒன்றாக்கிவிடுகிறது.

நான் ஆந்திராவில் உள்ள பலமனேர்க்காரன். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த யானைகள் எங்கள் கவுண்டின்யா காட்டிலேயே தங்கிவிட்டன. கோடையில் டேங்கரில் கொண்டுவந்து நீர் ஊற்றும் பள்ளத்தைத் தெலுங்கு பேசுகிறவர்களும் நாங்களும் ‘சாசர் பிட்டு’ என்றே சொல்கிறோம். தரையோடு தரையாக, தட்டுபோல எல்லாப் பக்கமும் சரிந்திருக்கும். அந்தச் சரிவுதான் உயிர். செங்குத்துச் சுவர் வைத்த தொட்டியில் நீர் இறங்கிவிட்டால் முயலுக்கு எட்டாது. உள்ளே விழுந்தது ஏறி வரவும் முடியாது. எங்கள் தோட்டத்துத் தொட்டியில் ஓணான் செத்து மிதந்ததைப் பார்த்த பிறகுதான் உள்ளே கல் அடுக்கிவைத்தேன். அதனால் ‘தொட்டி’ என்ற சொல் இங்கே வேண்டாம்.

‘கஸ்லர்’ வேறு. 1940களில் கலிபோர்னியாவில் காடைகளுக்காக உருவானது. சாய்வான தளத்தில் விழும் மழை, மண்ணுக்குள் மூடிவைத்த தொட்டியில் சேரும். உள்ளே சரிவு உண்டு. நீர் குறையக் குறையப் பறவை இன்னும் கீழே நடந்துபோய்க் குடிக்கும். லாரி தேவையில்லை.

சங்கப் பாடலில் பாலைநிலத்து மாடு மேய்ப்போர் தோண்டிய குழிக்குப் ‘பத்தல்’ என்று பெயர். அந்த நீரை யானைக்கூட்டம் வந்து வௌவிக்கொள்ளும். பஞ்ச நிலம், மனிதர் தோண்டிய குழி, குடிக்க வரும் யானை, மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன! சாசர் பிட்டுக்குப் பத்தல், கஸ்லருக்கு மழைப்பத்தல் என்று வைக்கலாமா?

*

அண்ணா, பத்தலுக்கு நீர் இறைக்கும் மரவாளி என்றும் அகராதியில் பொருள் இருக்கிறதே, குழம்பாதா? பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியவேண்டும். ‘தட்டுக்குழி’ பார்த்ததுமே விளங்கும்.

*

தம்பி, ஏற்றம் இறைப்பதே நின்றுபோன பிறகு அந்த வாளியை யார் நினைக்கப்போகிறார்கள்? ஆனால் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. தட்டுக்குழி வடிவத்தைச் சொல்கிறது, எதற்காக என்று சொல்லவில்லை. ‘காட்டுப்பத்தல்’ என்றால் இரண்டு குறையும் தீரும் என்று நினைக்கிறேன். அந்தப் பாடலை நாளை தட்டச்சு செய்து அனுப்புகிறேன், ஐயாவும் பார்த்துச் சொல்லட்டும்.