'அமேசிங் கிரேஸ்' புயலடித்த கப்பலில் எழுதிய பாட்டா? ஓய்வுநாள் பள்ளிக்காகக் கேட்கிறேன்

ஆல்ட்டோ வரிசை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகள் வகுப்பு என் பொறுப்பு. இந்த மாதம் வாரத்துக்கு ஒரு பாட்டு, அதை எழுதினவர் கதை என்று வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு 'அமேசிங் கிரேஸ்' என்கிற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாட்டு, எழுதினவர் ஜான் நியூட்டன். சின்ன வயதிலிருந்து பிரசங்கத்தில் நான் கேட்ட கதை: அடிமைக் கப்பல் கேப்டன், நடுக்கடலில் புயல், முழங்கால் போட்டு அழுதார், அங்கேயே பாட்டை எழுதினார், கப்பலைத் திருப்பி அடிமைகளை எல்லாம் ஊரில் கொண்டுபோய் விட்டார். பாட்டு எதுவென்று போன வாரமே சொல்லிவைத்தேன், உடனே ஒரு பையன் "மிஸ், அது எந்த வருஷம்?" என்று கேட்டுவிட்டான், எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பழைய பாமாலை:
சிஸ்டர், புயல் நிஜம். மற்றதெல்லாம் யாரோ பிற்பாடு ஒட்டவைத்தது.

1748 மார்ச். கப்பல் பெயர் கிரேஹவுண்ட். அதில் அவர் கேப்டனும் இல்லை, அந்தப் பயணத்தில் அடிமைகளும் இல்லை. தேன்மெழுகு, தந்தம், சாய மரம் இந்த மாதிரிச் சரக்கு. வயது 22. ராத்திரி கப்பலின் ஒரு பக்கம் உடைந்து தண்ணீர் ஏற, மணிக்கணக்கில் பம்பு அடித்துக்கொண்டிருந்தவர், இதுவும் பலிக்காவிட்டால் கர்த்தர்தான் இரங்க வேண்டும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, சாமியையே கிண்டல் செய்துகொண்டிருந்த நானா இதைச் சொன்னேன் என்று தானே திகைத்துப் போனார். நாலு வாரம் தத்தளித்து அயர்லாந்து கரை சேர்ந்தார்கள். அந்த மார்ச் தேதியைக் கடைசிவரை வருஷா வருஷம் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அப்புறம்தான் விஷயமே. அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டன் ஆனதே இந்த மனமாற்றத்துக்குப் பிறகு! 1750 முதல் 1754 வரை மூன்று பயணம். கப்பலில் ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்துவார், கீழ்த்தட்டில் ஜனங்கள் சங்கிலியில் கிடப்பார்கள். 1754-ல் அந்த வேலையை விட்டதும் மனசாட்சி உறுத்தி இல்லை, திடீரென்று வலிப்பு மாதிரி வந்து விழுந்ததால். பிறகு லிவர்பூலில் சுங்க வேலை, 1764-ல் குருப்பட்டம், இங்கிலாந்தில் ஓல்னி என்கிற சின்ன ஊருக்குப் போதகர்.

டெனர் தாத்தா:
பாட்டு பிறந்தது அந்த ஓல்னியில்தான். லேஸ் பின்னிப் பிழைக்கிற ஏழை ஜனம் நிறைந்த ஊர். 1773 புத்தாண்டு ஆராதனைக்கு எழுதினார், அதாவது புயலுக்கு 25 வருஷம் கழித்து. அன்றைய வசனம் 1 நாளாகமம் 17:16, 17. தாவீது "நான் எம்மாத்திரம்" என்று கேட்கிற இடம். அந்த வசனத்தைப் படித்துவிட்டுப் பாட்டைப் பாடிப் பாருங்கள், வரிக்கு வரி அதிலிருந்துதான் இறங்கியிருக்கிறது. கடல், புயல், கப்பல் என்று ஒரு வார்த்தை அதில் கிடையாது.

1779-ல் 'ஓல்னி ஹிம்ஸ்' புத்தகத்தில் அச்சானது. மொத்தம் 348 பாட்டு, அறுபது சொச்சம் அவருடைய நண்பர் கவிஞர் வில்லியம் கூப்பருடையது. பாவம் அந்த மனுஷன், இந்தப் பாட்டு முதலில் பாடப்பட்ட அதே புத்தாண்டு நாட்களில் மறுபடி மனநோயில் விழுந்தார், அவரைப் பல மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் நியூட்டன். இதை ஏன் யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை என்று எனக்குப் பல நாள் வருத்தம்.

இன்னொன்று, ராகம் அவர் போட்டதில்லை. வரிக்கு 8, 6, 8, 6 அசை என்கிற கணக்கில் வருகிற பாட்டு, அந்தக் கணக்குக்குப் பொருந்துகிற எந்த மெட்டிலும் பாடலாம், நம் சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையிலும் அந்தக் கணக்கில் பாட்டுகள் உண்டு. இப்போது பாடுகிற மெட்டை இந்த வரிகளோடு சேர்த்து அச்சிட்டது 1835-ல் அமெரிக்காவில், வில்லியம் வாக்கர். பத்தாயிரம் வருஷம் என்று வருகிற கடைசிச் சரணமும் நியூட்டன் எழுதியது கிடையாது.

கடைசி பெஞ்சு:
இதெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு? கேட்கிற நாலு பேர் மனம் திரும்புகிறார்கள் என்றால் அந்தக் கப்பல் கதையே இருந்துவிட்டுப் போகட்டுமே.

பழைய பாமாலை:
கடைசி பெஞ்சு தம்பி, அந்தப் பையன் நாளைக்கு போனில் தேடினால் என்ன ஆகும்? நியூட்டனின் நாட்குறிப்பிலேயே இருக்கிறது, கலகத்துக்குத் திட்டம் போட்டார்கள் என்று அடிமைச் சிறுவர்களுக்குக் கட்டைவிரல் திருகியை (விரலை நசுக்கும் சித்திரவதைக் கருவி) போட்டு உண்மையைக் கறந்ததாக. அவரே தன் கையால் எழுதி வைத்ததை நாம் ஏன் மூடி மறைக்க வேண்டும்? 1788-ல் அடிமை வியாபாரத்துக்கு எதிராகச் சிறு நூல் போட்டு, நானும் அதில் இருந்தேன் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார், பார்லிமென்ட் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். கடைசிப் பயணம் முடிந்து 34 வருஷம் கழித்து! தாமதம்தான், எனக்கும் அந்த 34 வருஷம் உறுத்துகிறது. ஆனால் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பார்லிமென்டில் போராடிய வில்பர்போர்ஸ், அரசியலை விட்டுவிடலாமா என்று தடுமாறி வந்தபோது, அங்கேயே இரு என்று அனுப்பிவைத்ததும் இவர்தான். அடிமை வியாபாரத் தடைச் சட்டம் 1807 மார்ச்சில் வந்தது, அதே வருஷம் டிசம்பரில் நியூட்டன் காலமானார், வயது 82.

ஆல்ட்டோ வரிசை:
எல்லாருக்கும் நன்றி. போர்டில் 1748, 1754, 1773, 1788 என்று நாலு வருஷம் மட்டும் எழுதிவிட்டு, எந்த வருஷம் அவர் மனம் திரும்பினார் என்று பிள்ளைகளிடமே கேட்கப் போகிறேன். கட்டைவிரல் திருகியைச் சொல்வதா என்று எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். டெனர் தாத்தா, அந்தக் கடைசிச் சரணத்தை யார் சேர்த்தது?

டெனர் தாத்தா:
அது வேறு ஒரு பழைய பாட்டில் சுற்றிக்கொண்டிருந்த சரணம் சிஸ்டர். 1852-ல் வந்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலில் டாம் பாடுகிறபோது இந்தப் பாட்டோடு சேர்ந்து வருகிறது. டாம் ஓர் அடிமை. அதையும் பையனுக்குச் சொல்லுங்கள்.